தனுஷ்கோடி ரயில் நிலையம்

ராமேஸ்வரம் தீவின் தென்கிழக்கு முனையில் இருந்த தனுஷ்கோடி ரயில் நிலையம், பாம்பனிலிருந்து சென்ற மீட்டர் கேஜ் பாதையின் கடைசி நிலையம். 1914 முதல் 1964 வரை இயங்கியது. ஊர் சிறியதுதான் என்றாலும், இந்தியாவிலிருந்து இலங்கை செல்லும் முக்கிய வழி இந்நிலையத்தின் நடைமேடை வழியாகவே சென்றது.

தோற்றம்

முன்பு சென்னையிலிருந்து கொழும்பு செல்வோர் தூத்துக்குடி வரை ரயிலில் போய், அங்கே கப்பல் ஏற வேண்டியிருந்தது. தனுஷ்கோடியிலிருந்து இலங்கையின் தலைமன்னாருக்குக் கடல்வழி சுமார் 35 கி.மீ. மட்டுமே. 1914 பிப்ரவரி 24 அன்று தீவை நிலப்பரப்புடன் இணைக்கும் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும், தென்னிந்திய ரயில்வே தன் இலங்கைப் பயணிகளை இவ்வழியே திருப்பியது.

போட் மெயில்

‘போட் மெயில்’ எனப்பட்ட இந்த ரயில்-கப்பல் சேவையில், சென்னை எழும்பூரில் எடுத்த ஒரே டிக்கெட்டில் கொழும்பு கோட்டை வரை செல்லலாம். தனுஷ்கோடியில் ரயிலைவிட்டு இறங்குவோருக்காகத் துறையில் நீராவிக் கப்பல் காத்திருக்கும். இர்வின், கோஷன் ஆகிய கப்பல்கள் இத்தடத்தில் ஓடின. தலைமன்னாரில் இலங்கை ரயில் தயாராக நிற்கும். துறையைச் சுற்றிச் சுங்கச் சாவடி, அஞ்சலகம், ரயில்வே மருத்துவமனை, பள்ளி எனச் சிறு நகரமே வளர்ந்தது.

1964 புயல்

டிசம்பர் 22 நள்ளிரவில், பாம்பனிலிருந்து வந்த 653 எண் பாசஞ்சர் ரயில், நிலையத்தை நெருங்கும்போது புயல் எழுப்பிய பேரலையில் சிக்கிக் கவிழ்ந்தது. ரயிலில் இருந்த சுமார் 115 பேரும் மாண்டனர். டிக்கெட் எடுக்காமல் ஏறியவர்களையும் சேர்த்தால் எண்ணிக்கை கூடும் என்பார்கள். நிலையமும் துறையும் ஊரும் சிதைந்தன. மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது.

கைவிடப்பட்ட காரணம்

அதே புயலில் சேதமடைந்த பாம்பன் பாலம், பொறியாளர் இ. ஸ்ரீதரன் மேற்பார்வையில் 46 நாளில் சீரமைக்கப்பட்டது. தனுஷ்கோடிப் பாதையோ அப்படியே விடப்பட்டது. கப்பல் போக்குவரத்து ராமேஸ்வரத்துக்கு மாறிவிட்டதால், மணல்திட்டின் முனைவரை ரயில் ஓட்ட வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. இலங்கையில் போர் மூண்ட 1980களில் அந்தக் கப்பலும் நின்றது.

இன்றைய நிலை

நிலையத்தின் இடிந்த சுவர்கள் எஞ்சியுள்ளன. 2017இல் தீவின் கடைக்கோடியான அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்டபின் சுற்றுலாப் பயணிகள் பெருகினர். ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்குச் சுமார் 17 கி.மீ. ரயில் பாதையை மீண்டும் அமைக்க 2019 மார்ச் 1 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. பாதை இன்னும் போடப்படவில்லை. சென்னை–ராமேஸ்வரம் ரயில் ஒன்றுக்கு ‘போட் மெயில்’ என்ற பெயர் மட்டும் நிலைத்திருக்கிறது.