தேர் வராத தெரு: கத்தோலிக்கத் திருவிழாவும் தலித் கிறித்தவர் உரிமையும்

கொடியேற்றம், ஒன்பது நாள் நவநாள், பத்தாம் நாள் தேர்பவனி, மறுநாள் காலைத் திருவிழாத் திருப்பலி, கொடியிறக்கம். தமிழகத்தின் பெரும்பாலான கத்தோலிக்கப் பங்குகளில் பாதுகாவலர் திருவிழாவின் ஒழுங்கு இதுவே. இவற்றுள் திருப்பலியில் எவரும் எவரையும் இன்று வெளிப்படையாகத் தடுப்பதில்லை. பூசல் எழுவது தேரில்தான். தேர் எந்தத் தெரு வழியே செல்லும், வடத்தை யார் பிடிப்பர், சுரூபத்தை யார் தோளில் ஏற்றுவர், நவநாள் உபயம் எவர் பெயரில் அறிவிக்கப்படும் ஆகிய நான்கு கேள்விகளில் ஊரின் சாதிப் படிநிலை முழுதும் அடங்கியிருக்கிறது.

விலக்கம் பெரும்பாலும் வரியில் தொடங்குகிறது. திருவிழாவுக்காகத் தலைக்கட்டு வரி வசூலிக்கப்படும்போது தலித் கிறித்தவர்களிடம் அது கேட்கப்படுவதில்லை. கொண்டுபோய்க் கொடுத்தாலும் வாங்கப்படுவதில்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது சலுகைபோலத் தோன்றக்கூடும். உண்மையில் வரி என்பது பங்குரிமையின் சான்று. வரி கொடாதவர் விழாவின் உரிமையாளர் அல்லர், வேடிக்கை பார்ப்பவர். பின்னர் தெருவுக்குத் தேர் கேட்கும்போது, ‘நீங்கள் வரியே கட்டவில்லையே’ என்ற பதில் ஆயத்தமாக இருக்கும்.

இது இன்று தோன்றிய நோய் அன்று. நெல்லை மாவட்டம் வடக்கன்குளத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சாதிக்கொரு சிறகாக இரு பிரிவுகள் கொண்ட தேவாலயம் எழுப்பப்பட்டது. அதன் வடிவத்தைக் கண்டு மக்கள் அதைக் ‘கால்சட்டைக் கோவில்’ என்றே அழைத்தனர். 1910இல் கௌசானல் அடிகளார் உள்ளிருந்த தடுப்பை அகற்றியபோது, தமக்குத் தனியிடம் பெறும் உரிமை உண்டு என்று ஆதிக்கச் சாதிக் கிறித்தவர்கள் வழக்குத் தொடுத்தனர். சென்னை உயர்நீதிமன்றம் அவர்களது கோரிக்கையை ஏற்கவில்லை. மைக்கேல் பிள்ளை வழக்கு என்று சட்ட மாணவர்கள் அறிந்திருப்பது இதுவே. அரசமைப்புச் சட்டத்துக்கு முன்பே, காலனிய நீதிமன்றமே ஏற்க மறுத்த ஒரு வாதம் இன்றும் விழாக்குழுக் கூட்டங்களில் ‘வழக்கம்’ என்ற பெயரில் உயிரோடு உலவுகிறது.

2008 மார்ச்சில் எறையூரில் நிகழ்ந்தது இதன் கொடிய வடிவம். அப்போது விழுப்புரம் மாவட்டத்திலிருந்த அவ்வூரில், தேவாலயத்திலும் கல்லறையிலும் சம உரிமையும் தமக்கெனத் தனிப் பங்கும் கேட்ட தலித் கிறித்தவர்களின் வீடுகள் தாக்கப்பட்டன. தொடர்ந்த காவல்துறைத் துப்பாக்கிச்சூட்டில் வன்னியக் கிறித்தவர் இருவர் உயிரிழந்தனர். திருச்சி மாவட்டம் கோட்டப்பாளையத்தின் புனித மகதலேனா மரியாள் தேவாலயத்தில் விலக்கப்படுவதாகத் தலித் கிறித்தவர்கள் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றிருக்கிறது. இயேசுவின் உயிர்ப்பை முதலில் அறிவித்தவர் என்பதால் ‘திருத்தூதர்களின் திருத்தூதர்’ என்று திருச்சபை போற்றும் பெண்மணி அவர்.

திருச்சபையின் ஏடுகளில் குறையில்லை. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 208ஆம் விதி, திருமுழுக்குப் பெற்றோர் அனைவரும் மாண்பிலும் செயலிலும் சமம் என்கிறது. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித் மேம்பாட்டுக்கான கொள்கை ஆவணம் வெளியிட்டது. அத்தொகுப்பின்படி சட்டக் காரியங்களில் பங்கின் சார்பாளர் பங்குத்தந்தையே. ஆகவே ‘தேர் ஊர்க்காரர் காரியம், எனக்கு அதில் பங்கில்லை’ என்று பங்குத்தந்தை ஒதுங்குவது பொருந்தாது. அவர் மந்திரிக்காமல் தேர் புறப்படுவதில்லையே!

பூசல் முற்றினால் மறைமாவட்டங்கள் பெரும்பாலும் கையாளும் தீர்வு, விழாவை நிறுத்துவது அல்லது கோவிலைப் பூட்டுவது. நடுநிலைபோலக் காணப்படும் இம்முடிவின் சுமை உரிமை கேட்டவர் மீதே விழுகிறது. ‘இவர்களால்தான் மாதாவுக்குத் திருவிழா இல்லாமற் போயிற்று’ என்ற பழி ஆண்டு முழுதும் அவர்களைத் தொடரும். வயலில் வேலை நிற்கும், கடையில் கடன் நிற்கும்.

இனிச் சட்டம். 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 2015 திருத்தத்திற்குப் பின், வழிபாட்டிடத்திலும் ஊர்வலத்திலும் பங்கேற்பதைத் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. ஆனால் பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராக இருத்தல் வேண்டும். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்துக்கொண்டது. கிறித்தவரை இன்றும் வெளியே நிறுத்தியிருக்கிறது. இந்து எனச் சான்றிதழ் வைத்திருப்போர் நிலை இன்னும் இக்கட்டானது. தேரில் உரிமை கேட்டுப் புகார் எழுதினால் ‘நான் இப்பங்கின் உறுப்பினன்’ என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அதுவே சான்றிதழுக்கு எதிரான சாட்சியாகும். 2024 நவம்பரில் செல்வராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் திருமுழுக்குப் பதிவைக் கருத்திற்கொண்டு சான்றிதழை மறுத்த பின்னர் இவ்வச்சம் கூடியிருக்கிறது. புகார் எழுத வந்து, பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து சென்ற இளைஞர்களை நாம் கண்டிருக்கிறோம். அவர்களைக் கோழைகள் என்று சொல்ல நமக்கு மனம் வருவதில்லை.

எனினும் பலர் மறந்துவிட்ட ஒரு சட்டம் இருக்கிறது: 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம். அரசமைப்பின் 17ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழிக்கும்போது மதம் பார்க்கவில்லை. இச்சட்டமும் ‘எந்த ஒரு நபரையும்’ என்றே பேசுகிறது. ஒரே மதத்தைச் சேர்ந்த பிறருக்குத் திறந்திருக்கும் வழிபாட்டிடத்தில், அவர்களுக்குள்ள அதே முறையிலும் அதே அளவிலும் வழிபடுவதைத் தீண்டாமையின் பேரில் தடுத்தல் மூன்றாம் பிரிவின் கீழ்க் குற்றம். சமய ஊர்வலத்தில் பங்கேற்பதைத் தடுத்தல் நான்காம் பிரிவின் கீழ்க் குற்றம். உரிமையைப் பயன்படுத்தியவரை ஊர்விலக்கம் செய்வது ஏழாம் பிரிவில் வரும். ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். செயல் தீண்டாமையின் பேரிலேயே நடந்தது என நீதிமன்றம் அனுமானிக்கும் 12ஆம் பிரிவின் துணை பட்டியல் சாதியினருக்கு மட்டுமே உண்டு. தலித் கிறித்தவர் அதைச் சான்றுகொண்டு மெய்ப்பிக்க வேண்டும். அதனால்தான் மறுக்கப்பட்ட வரி இவ்வளவு முதன்மை பெறுகிறது. வரியைப் பணவிடையாகப் பங்கின் முகவரிக்கு அனுப்பித் திரும்பி வந்த சீட்டைப் பாதுகாப்பது, உபயம் கேட்டு எழுத்தில் விண்ணப்பிப்பது, அச்சிட்ட திருவிழா அழைப்பிதழ்களை ஆண்டுவாரியாகச் சேர்ப்பது ஆகியவை சிறு வேலைகள். வழக்கு நிற்பது இவற்றின் மேல்தான்.

இத்தகைய பதிவுகளுக்கு வேறொரு பயனும் உண்டு. சென்னையில் செருப்புத் தைத்துப் பிழைத்த சூசை என்ற தலித் கிறித்தவர் தொடுத்த வழக்கில், மதம் மாறிய பின்னரும் சாதிக் கொடுமை அதே கடுமையுடன் தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றே 1985இல் உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மூன்றாம் பத்தியை நீக்கப் பரிந்துரைத்தது. 2022இல் பாலகிருஷ்ணன் ஆணையம் அமைக்கப்பட்டது. ஆணையங்கள் கேட்பதும் சான்றையே. தேர் திரும்பிச் சென்ற ஒவ்வொரு தெருமுனையும் ஒரு சான்று.

கடைசியாக, அமைதிப் பேச்சுவார்த்தை பற்றி. கொடியேற்றத்துக்கு இரண்டு நாள் முன்பு வட்டாட்சியர் அலுவலகத்தில் இரு தரப்பையும் அமர்த்தி, ‘கடந்த ஆண்டு வழக்கப்படி விழா நடத்திக்கொள்வது’ என்று எழுதிக் கையொப்பம் கேட்பார்கள். ‘வழக்கப்படி’ என்ற அந்தச் சொல்லே முழுக் குற்றத்தையும் உள்ளடக்கியது. அதில் கையொப்பமிட வேண்டியதில்லை. மறுப்பை அதே தாளில் எழுதி நகல் கேட்கலாம். 1976 திருத்தத்திற்குப் பின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டக் குற்றங்கள் சமரசத்துக்கு உட்பட்டவை அல்ல. காவல்துறை நேரடியாக வழக்குப் பதியத்தக்கவை. விசாரணையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசு ஊழியரைக் குற்றத்துக்கு உடந்தையாகக் கருதுகிறது பத்தாம் பிரிவு. நாம் அமர்ந்திருந்த ஒரு கூட்டத்தில் அப்பிரிவை உரக்க வாசித்தோம். அலுவலர் சற்று நேரம் பேசாதிருந்து, தாளைத் திரும்ப வாங்கி, ‘வழக்கப்படி’ என்பதை அடித்துவிட்டு ‘அனைத்துத் தெருக்கள் வழியாகவும்’ என்று எழுதினார். அந்த ஆண்டு தேர் இரவு பதினொரு மணிக்குத் தலித் தெருவுக்குள் வந்தது. வடம் பிடிக்க மறு தரப்பினர் ஒருவரும் வரவில்லை. தெருவாசிகளே இழுத்துச் சென்றனர்.