காரைக்குடியில் ஒரு கடற்காற்று

காரைக்குடியை அடுத்த திருப்பத்தூர்க் கடைத்தெருவில் கடல் மணக்காது. பழைய வீட்டுச் சன்னல் கம்பிக்கு மழைக்கால ஈரம் உண்டு. உப்புப் படிவு இல்லை. உப்புக்காற்று இரும்பைத் தின்னும் விதத்தை ஆராய இந்தச் சீமையா கிடைத்தது என்று கேட்கலாம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் ‘சிக்ரி’ எனப்படும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் காரைக்குடிக்கு வந்தது. 1948 ஜூலை 25இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரியில் திறப்பு. கொடை இழுத்த இடம் அது. கடலைக் கணக்கிட்டு யாரும் தேர்ந்ததில்லை. ஆனாலும் துரு ஆய்வுக்கு அந்தத் தூரம் உதவியது என்பதே என் கட்சி: உப்பில்லாத ஊரில்தான் உப்பின் பங்கைத் தனியே பிரித்துப் பார்க்கலாம்.

அலை உடையும்போது காற்று குமிழ்களாக நீருக்குள் இறங்குகிறது. குமிழ் மேலே வந்து வெடித்தால் அதன் தோல் நுண்துளிகளாகச் சிதறும். குமிழ் விட்ட குழியிலிருந்து எழும் சிறு தாரை இன்னும் சில துளிகளைத் தெறிக்கும். பெரியவை கரையோரமே விழ, சிறியவை காற்றேறி ஊருக்குள் வருகின்றன. இரும்பில் படிந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலமாகிறது. துரு அங்கேதான் பிறக்கிறது. இதை ஆய்வகத்தில் போலச் செய்வது உப்புத்தூவல் பெட்டி: 5 சதவீத உப்புக் கரைசல், 35 டிகிரி வெப்பம், ஓயாத மூடுபனி. 1939 முதல் அமெரிக்காவில் இதற்குத் தரமுறை உண்டு.

பெட்டி கடற்கரை ஆகுமா என்ற மறுப்பு நியாயமானது. வெளியில் துத்தநாகத் தகடு நனைந்து காய்கிறது. காயும்போது கரியமில வாயு சேர்ந்து கார்பனேட் படலம் அமைந்து தகட்டைக் காக்கிறது. பெட்டியில் காய நேரமே இல்லை. நல்ல பூச்சும் அங்கே தோற்றுப்போகும். ஆகவே பெட்டியில் இத்தனை மணி நேரம் என்றால் கரையில் இத்தனை ஆண்டு என்று வாய்ப்பாடு சொல்வோரை நம்ப வேண்டாம். அதற்காகப் பெட்டியைத் தூக்கி எறிவதும் தவறு; ஒரே பூச்சின் இரு தயாரிப்புகளில் எது மட்டம் என்பதை அது சீக்கிரம் காட்டிவிடும். மிச்சத்தைக் கடலிடமே கேட்க வேண்டும். சிக்ரி கடலோர மண்டபம் முகாமில் நிலையம் வைத்து, தகடுகளை வெயிலிலும் காற்றிலும் நிறுத்தி, எடை குறைவதை அளந்தது அதனால்தான். மண்டபத்தை அடுத்த பாம்பனில் 1914இல் திறந்த ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நின்றது. 2025 ஏப்ரல் 6இல் திறந்த புதிய பாலத்துக்கு, அந்த உப்புக்காற்றைத் தாங்கவே, துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் கொடுத்திருக்கிறார்கள்.