பெயரிடற்கரிய இசை

தமிழர் இசையும் ஐரோப்பியர் இசையும் ஒன்றையொன்று அறிந்து இருநூறு ஆண்டுகளுக்கு மேலாயின. அக்காலத்தில் நம்மவர் மேலைநாட்டாரிடம் கொண்டவை எவை, கொள்ளாது விட்டவை எவை என ஆராய்ந்தாலன்றி, 1986ஆம் ஆண்டில் இளையராஜா அளித்த ‘ஹவ் டு நேம் இட்’ என்னும் இசைத்தொகுப்பு வரலாற்றிற் பெறும் இடத்தை உணர்தல் அரிது. ‘இதற்கு எவ்வாறு பெயரிடுவது?’ என்பது அத்தொடரின் பொருள்.

முதலிற் கொள்ளப்பட்டவை இரண்டு. ஒன்று கருவி, மற்றையது மெட்டு. முத்துசுவாமி தீட்சிதரின் இளவலாகிய பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியரின் வயலினைப் பயின்று நம் இசைக்கு உரியதாக்கினார். தஞ்சை நால்வருள் ஒருவராகிய வடிவேலு அதனைத் திருவிதாங்கூரிற் சுவாதித் திருநாள் மன்னரின் அவையில் ஒலிக்கச் செய்தார். இன்று அஃது அயலார் கருவி என்னும் நினைவே பலருக்கு எழுவதில்லை. மெட்டினைக் கொண்டவர் முத்துசுவாமி தீட்சிதர். சென்னைக் கோட்டைப் பட்டாளத்தாரின் பாண்டு வாத்தியத்தில் ஒலித்த மெட்டுக்களுக்கு அவர் வடமொழியிற் சாகித்தியம் அமைத்தார். சங்கராபரண சுரங்களில் நடக்கும் அப்பாடல்கள் ‘நோட்டுசுவரம்’ எனப்படும். ஆங்கில அரசரை வாழ்த்தும் கீதத்தின் மெட்டு அவர் கையில் அம்பிகையைத் துதிக்கும் பாடலாயிற்று. ஆளவந்தவரின் வாழ்த்தினை அம்பிகைக்கு உரிமையாக்கிய அச்செயலின் நயம் அறிந்து மகிழத்தக்கது. பின்னாளில் அரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் இயற்றிய ‘இங்கிலீசு நோட்டு’ மதுரை மணி ஐயரின் குரலால் நாடெங்கும் பரவிற்று.

ஈழத்திலும் இத்தொடர்பு பழையதே. 1816இல் அமெரிக்க மிசனரிமார் தெல்லிப்பழையில் தம் பணியைத் தொடங்கியபின், தேவாலயப் பாடல்களின் வழியே மேலைநாட்டு மெட்டுக்கள் குடாநாட்டார் செவிக்கு எட்டின. கோயில் வீதியில் நாதசுரமும் தவிலும் முழங்க, அயலிலே தேவாலய இசை ஒலித்தது. இரண்டும் அயலவராய் வாழ்ந்தனவேயன்றி உறவினராகவில்லை.

இவ்வாறு கருவியையும் மெட்டையும் கொண்ட நம்மவர் கொள்ளாது விட்டது ஒத்திசையாகும். வெவ்வேறு சுரங்களை ஒரே வேளையில் ஒலிப்பித்து இன்பம் விளைத்தலும், வெவ்வேறு இசைவரிகளை ஒன்றோடொன்று எதிர்நின்று நடக்கவிடுதலும் ஐரோப்பியர் இசையின் உயிர்நிலை. நம் இசையோ ஒரே வரியில் நடப்பது. அவ்வரியில் ஒரு சுரம் அசைந்தும் வழுக்கியும் அயற்சுரத்தைத் தொட்டு மீள்வதே கமகம். ஒத்திசைக்குச் சுரம் நிலைத்து நிற்றல் வேண்டும். கமகத்திற்கு அஃது அசைதல் வேண்டும். தீட்சிதரின் நோட்டுசுவரங்கள் பெரும்பாலும் கமகமின்றி நேர்சுரங்களாக நடப்பதும் இதனை உணர்த்தும். ஆகவே ஒத்திசையை விலக்கிய நம் முன்னோர் அறியாமையால் விலக்கினர் எனல் பொருந்தாது.

இத்தடையை எதிர்கொண்டவர் அரண்மனை அவையிலும் குருகுலத்திலும் வளர்ந்தவரல்லர். 1943இல் பண்ணைப்புரத்திற் பிறந்த இளையராஜா, தமையனார் பாவலர் வரதராசனின் குழுவோடு ஊர்தோறுஞ் சென்று பாடி வளர்ந்தவர். சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேலைநாட்டிசை பயின்று, இலண்டன் டிரினிற்றிக் கல்லூரியின் கிற்றார்த் தேர்விலும் தேறினார். 1976இல் ‘அன்னக்கிளி’ படத்தின் வாயிலாக நாட்டுப்பாடலின் மணத்தைத் திரையிசைக்குக் கொணர்ந்தார். அதற்குப் பத்தாண்டு கழித்து வந்த தொகுப்பே இங்கு ஆராயப்படுவது. அதனைத் தியாகராச சுவாமிகளுக்கும் செருமானிய இசைமேதை பாக்குக்கும் (1685-1750) அவர் காணிக்கையாக்கினார்.

இதன் தலைமை வயலினை வாசித்தவர் வி. எஸ். நரசிம்மன். ‘என் வீட்டிற் பாக்கைச் சந்தித்தேன்’ எனப் பொருள்படும் உருப்படியில், பாக் தனி வயலினுக்கு இயற்றிய மூன்றாம் பார்ட்டிற்றாவின் முன்னிசை விரைந்து ஓட, அதனோடு நம் முறை வயலின் கமகத்தோடு உரையாடுகின்றது. ஒன்று மற்றொன்றுக்காகத் தன் இயல்பை விடவில்லை. இராக வரி தன் போக்கில் அசைய, ஏனைய வயலின்கள் தம் நெறியில் நிற்கின்றன. தீட்சிதர் அயல்மெட்டை நம் மொழிக்குள் ஈர்த்தார். இவரோ இருவரையும் தத்தம் மொழியிற் பேசவிட்டார். இதுவே இருநூறு ஆண்டுகளில் நிகழ்ந்த மாற்றம். எல்லா உருப்படிகளும் இவ்வாறு வென்றன எனல் இயலாது. சிலவிடங்களில் ஒத்திசையின் கட்டு இறுகுங்கால் இராகம் வெறும் சுரவரிசையாய்த் தளர்வதைப் பயின்ற செவி உணரும். இருபுறமும் அமைதி காணச் செய்தது, இலக்கணக் காவலின்றி வளர்ந்த நாட்டுப்பாடற் செவியே எனக் கருத இடமுண்டு.

அக்காலத்தில் ஐரோப்பிய இளைஞரும் பாக்கை நாடியமை வியப்புக்குரியது. சுவீடனைச் சேர்ந்த இங்வே மால்ம்ஸ்ரீன் 1984இல் ‘ரைசிங் போர்ஸ்’ என்னும் தொகுப்பில் பாக், பகனினி ஆகியோரின் நடையை மின்கிற்றாரில் அதிவேகமாக வாசித்தார். ‘பவர் மெற்றல்’ எனப்படும் முழக்க இசைக்கு அவர் நடை பெரிதும் ஊட்டமளித்தது. இத்தாலியின் திரியெஸ்தே நகரத்து ‘ராப்சோடி’ குழுவினர் 1997இல் வெளியிட்ட ‘லெஜெண்டரி டேல்ஸ்’ தொகுப்பு, அம்முழக்கத்தோடு நாட்டார் இசையின் சாயலையும் பழஞ்செவ்விசையின் நடையையும் சேர்த்தது. அவர்க்குப் பாக் பாட்டனார் சொத்து, மின்னாற்றலே புதிது. இளையராஜாவுக்கோ பாக் விருந்தாளி. ஆகவே அங்கே வேகமும் முழக்கமும் மேலோங்க, இங்கே உரையாடல் மேலோங்கிற்று. சிங்கப்பூரில் 1992இல் தோன்றிய ‘ருத்ரா’ என்னும் குழு, வேதாந்தக் கருத்துக்களை மெற்றல் இசையோடு சேர்த்தமை தனியே ஆராயத்தக்கது.

இத்தொகுப்பைத் திரைக்குக் கொண்டுசென்றவர் ஈழத்தவர் என்பதும் குறிக்கத்தக்கது. மட்டக்களப்பு அமிர்தகழியிற் பிறந்த பாலு மகேந்திரா, 1988இல் வெளிவந்த தமது ‘வீடு’ திரைப்படத்திற்கு இத்தொகுப்பின் இசையை எடுத்தாண்டார். அரைகுறையாய் எழுந்து நிற்கும் வீட்டைக் காண முதியவர் தனியே வரும் காட்சியில் உரையாடல் இல்லை. சொக்கலிங்க பாகவதர் சுவர்களைத் தொட்டுப் பார்த்து நடக்கின்றார். அவர் பின்னே வயலின்கள் ஒலிக்கின்றன.