தேய்மானத்தைச் சமமாக்கிய கதை: நீராவி எஞ்சின் வால்வுகள்



அரியலூர், ரயில் என்ற இரண்டு வார்த்தைகளைச் சேர்த்துச் சொன்னால் எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு உடனே நினைவுக்கு வருவது 1956 நவம்பர் 23-ல் நடந்த விபத்துதான். மருதையாற்று வெள்ளத்தில் பாலம் இடிந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். இந்தச் செய்தியைப் பலரும் எழுதிவிட்டார்கள். இந்தக் கட்டுரை விபத்தைப் பற்றியது அல்ல. விபத்தே இல்லாத சாதாரண நாட்களில், அந்தப் பாதையில் ஓடிய நீராவி எஞ்சின்களுக்குள் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்த ஒரு நஷ்டத்தைப் பற்றியது. அதன் பெயர் தேய்மானம்.

விழுப்புரத்திலிருந்து அரியலூர் வழியாகத் திருச்சிக்குப் போகும் கார்டு லைன் 1920-களின் இறுதியில் திறக்கப்பட்டது. கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகச் சுற்றிப் போகும் பழைய மெயின் லைனுக்கு இது குறுக்குவழி. பெரம்பலூருக்கு இன்றுவரை ரயில் கிடையாது. ரயில் பிடிக்க வேண்டும் என்றால் அரியலூர்தான் போக வேண்டும். சுதந்திரத்துக்குப் பிறகு தெற்கில் மீட்டர் கேஜ் பயணிகள் வண்டிகளை இழுத்த முக்கியமான நீராவி எஞ்சின் ஒய்.பி. வகை. இந்த வகையில் மொத்தம் 871 எஞ்சின்கள் செய்யப்பட்டன.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒய்.பி. எஞ்சினின் இயக்கு சக்கரத்தின் விட்டம் 1372 மி.மீ. ஒரு சுற்றுக்குச் சுமார் 4.3 மீட்டர் நகரும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போனால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 232 சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் வால்வு ஒருமுறை முன்னால் போய்ப் பின்னால் வரும். அப்படியானால் திருச்சியிலிருந்து அரியலூர் வரை சுமார் 70 கி.மீ. தூரத்துக்குள் வால்வு 16,000 தடவை போய்வந்துவிடும்! அதுவும் கொதிக்கும் நீராவிக்குள், இரும்போடு இரும்பு உரசிக்கொண்டு. தேயாமல் என்ன செய்யும்?

வால்வு என்ன செய்கிறது?

நீராவி எஞ்சினில் பிஸ்டனைத் தள்ளுவது நீராவி. அந்த நீராவியைச் சரியான நேரத்தில் சிலிண்டரின் ஒரு முனைக்கு அனுப்ப வேண்டும். வேலை முடிந்த நீராவியை மறுமுனையிலிருந்து வெளியே விட வேண்டும். அடுத்த நொடியே இதை அப்படியே மாற்றிச் செய்ய வேண்டும். இந்தக் காவல்காரன் வேலைதான் வால்வின் வேலை.

ஜேம்ஸ் வாட் காலத்துப் பெரிய எஞ்சின்களில் மேலே தூக்கித் திறக்கும் வால்வுகள் இருந்தன. வாட்டிடம் வேலை பார்த்த வில்லியம் மர்டாக் 1799-ல் சறுக்கு வால்வுக்குக் காப்புரிமை பெற்றார். மேத்யூ மர்ரே அதை இன்னும் எளிமையாக்கினார். ரயில் எஞ்சின்கள் வந்தபோது எல்லோரும் பிடித்துக்கொண்டது இந்தச் சறுக்கு வால்வைத்தான். அமைப்பு மிக எளிது. கவிழ்த்து வைத்த சோப்பு டப்பாவைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதன் கீழே வழவழப்பான ஒரு இரும்புத் தளம். தளத்தில் மூன்று வாய்கள். இரண்டு ஓரத்து வாய்களும் சிலிண்டரின் இரண்டு முனைகளுக்குப் போகும். நடுவாய் வெளியேற்றத்துக்கு. டப்பா முன்னும் பின்னும் சறுக்கும்போது வாய்கள் மாறி மாறித் திறந்து மூடும்.

அம்மியும் வால்வும்

இதில் சிக்கல் என்னவென்றால், டப்பாவின் முதுகில் கொதிகலனின் முழு அழுத்தமும் உட்கார்ந்திருக்கும். ஒரு உதாரணம் பார்ப்போம். வால்வு 25 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொண்டால் பரப்பு 1000 சதுர செ.மீ. நீராவி அழுத்தம் சதுர செ.மீ.க்கு 10 கிலோ என்றால் மேலிருந்து அழுத்தும் விசை 10,000 கிலோ, அதாவது 10 டன். கீழிருந்து எதிர்த்துத் தள்ளும் விசையைக் கழித்தாலும் மிச்சம் பல டன். இவ்வளவு பாரத்தைச் சுமந்துகொண்டு நிமிடத்துக்கு இருநூறு தடவை சறுக்கினால் தளம் தேயத்தான் செய்யும்.

தேய்வதுகூடப் பெரிய பிரச்சினை இல்லை. எல்லா இடமும் ஒரே அளவு தேய்ந்தால் டப்பா கொஞ்சம் கீழே இறங்கும், அவ்வளவுதான். ஆனால் அப்படித் தேயாது. நம் வீட்டு அம்மியைப் பாருங்கள். குழவி எப்போதும் நடுவில்தான் ஓடும், ஓரத்துக்கு எப்போதாவதுதான் போகும். அதனால் நடு குழிந்து, இரண்டு பக்கமும் மேடாக நிற்கும். பிறகு எவ்வளவு அரைத்தாலும் விழுது சரியாக வராது. அம்மி கொத்துகிறவரைக் கூப்பிட வேண்டியதுதான்.

வால்வுத் தளத்திலும் இதேதான் நடந்தது. வண்டி கிளம்பும்போது டிரைவர் வால்வை முழு நீளத்துக்கு ஓடவிடுவார். வேகம் பிடித்த பிறகு நீராவியைச் சிக்கனமாக விடுவதற்காக ஓட்டத்தைக் குறைத்துவிடுவார். வழியின் பெரும்பகுதி இந்தக் குறுகிய ஓட்டம்தான். எனவே நடு மட்டும் தேய்ந்து, ஓரத்தில் ஒரு மேடு உருவாகும். அடுத்த ஸ்டேஷனில் மறுபடி முழு ஓட்டத்தில் கிளம்பும்போது வால்வு அந்த மேட்டின் மேல் ஏறும். ஏறியவுடன் அடியில் இடைவெளி விழும். அந்த இடைவெளி வழியாக நீராவி, பிஸ்டனைத் தள்ளாமலேயே நேராகப் புகைபோக்கிக்குப் போய்விடும்.

யாருக்கு நஷ்டம்?

இது வெறும் எஞ்சினியரிங் விஷயம்தானே என்று நினைக்கலாம். இல்லை. ஒழுகிப் போகும் ஒவ்வொரு துளி நீராவியும் நிலக்கரியால் வந்தது. தெற்கே நிலக்கரி கிடைக்காது. வங்காளம், பீகார் சுரங்கங்களிலிருந்தோ, கொஞ்சம் அருகில் சிங்கரேணியிலிருந்தோ வர வேண்டும். அரியலூருக்குப் பக்கத்திலேயே நெய்வேலி இருக்கிறதே என்று கேட்பீர்கள். அங்கே 1960-களில் கிடைக்கத் தொடங்கியது பழுப்பு நிலக்கரி. அது பெரும்பாலும் மின் நிலையத்துக்குத்தான் போனது.

அந்தக் கரியை அள்ளிப் போட்டது ஒரு மனிதர். ஃபயர்மேன். எதிரே கொதிக்கும் அடுப்பு, தலைக்கு மேலே சித்திரை வெயில். வால்வு ஒழுகினால் அவர் அதே வண்டியை அதே தூரம் இழுக்க இன்னும் அதிகமாகக் கரி அள்ள வேண்டும். வால்வில் விழுந்த ஒரு மில்லிமீட்டர் பள்ளத்தின் விலையை அவருடைய முதுகுதான் கொடுத்தது.

தீர்வுகள் ஒவ்வொன்றாக

எஞ்சினியர்கள் பல வழிகளில் இதைச் சமாளித்தார்கள்.

முதல் வழி, மேடு உருவாகவே விடாமல் செய்வது. வால்வு உரசும் தளத்தை நீளம் குறைத்து, சுற்றியுள்ள இடத்தைவிடக் கொஞ்சம் உயர்த்தி வைத்தார்கள். இப்போது வால்வின் விளிம்பு ஒவ்வொரு ஓட்டத்திலும் தளத்தின் விளிம்பைத் தாண்டிப் போய்த் திரும்பும். தேயாத ஓரம் என்று ஒன்று இருந்தால்தானே மேடு வரும்? மிக எளிமையான யோசனை, ஆனால் நன்றாக வேலை செய்தது.

இரண்டாவது வழி, தேய வேண்டியது எது என்று முன்கூட்டியே முடிவு செய்வது. சிலிண்டர் பெரிய வார்ப்பு. அது தேய்ந்தால் செலவு அதிகம். எனவே வால்வை அதைவிட மென்மையான வெண்கலத்தில் செய்தார்கள். சில எஞ்சின்களில் தளத்தையே தனித் தகடாகச் செய்து பொருத்தினார்கள். தேய்ந்தால் கழற்றி மாற்றிவிடலாம்.

மூன்றாவது வழி, முதுகில் இருக்கும் பாரத்தைக் குறைப்பது. வால்வின் மேல்பக்கம் நீராவி படாமல் பட்டைகள் வைத்து மறைத்தார்கள். அமெரிக்காவில் ரிச்சர்ட்சன் பெயரால் அழைக்கப்பட்ட சமநிலை வால்வு இந்த வகையில் புகழ்பெற்றது.

இதற்குள் புதிய தலைவலி ஒன்று வந்தது. ஜெர்மனியைச் சேர்ந்த வில்ஹெல்ம் ஷ்மிட் நீராவியை மேலும் சூடாக்கி உலர்ந்த நீராவியாகப் பயன்படுத்தும் முறையைக் கொண்டுவந்தார். 1898-ல் பிரஷ்ய ரயில்வேயில் அது எஞ்சின்களில் பொருத்தப்பட்டது. நிலக்கரி நன்றாக மிச்சமானது. ஆனால் 300 டிகிரி செல்சியஸைத் தாண்டும் சூட்டில் அந்தக் கால எண்ணெய் தாக்குப்பிடிக்கவில்லை. ஈர நீராவியில் இருந்த கொஞ்சநஞ்ச வழுக்கலும் போய்விட்டது. தட்டைச் சறுக்கு வால்வுகள் கீறல் விழுந்து கெட்டுப்போயின.

பிஸ்டன் வால்வு

இதற்கு விடையாகப் பரவலானது பிஸ்டன் வால்வு. டப்பாவுக்குப் பதில், ஒரு தண்டில் கோத்த இரண்டு உருளைகள். பார்ப்பதற்கு உடற்பயிற்சி செய்யும் டம்பெல் மாதிரி இருக்கும். இது ஒரு குழாய்க்குள் முன்னும் பின்னும் ஓடும். நீராவி எல்லாப் பக்கமும் சமமாகச் சூழ்ந்திருப்பதால் பல டன் பாரம் என்ற பேச்சே இல்லை.

ஆனால் தேய்மானம் இங்கேயும் விடவில்லை. படுத்துக் கிடக்கும் உருளை தன் எடையால் குழாயின் அடிப்பக்கத்தை மட்டும் தேய்க்கும். வட்டமாக இருந்த குழாய் நாளடைவில் முட்டை வடிவமாகும். இதைத் தடுக்க சில எஞ்சின்களில் தண்டை இரண்டு முனையிலும் தாங்கிப் பிடித்தார்கள். உருளை குழாயைத் தொடாது, அதைச் சுற்றியுள்ள வார்ப்பிரும்பு வளையங்கள் மட்டும் தொடும்.

அந்த வளையங்களில்தான் எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் இருக்கிறது. வளையத்தில் ஒரு வெட்டு இருக்கும். வெட்டின் முனை நீராவி வாய்க்குள் மாட்டிக்கொள்ளாமல் இருக்க, வளையம் சுழலாதபடி ஒரு முளை வைத்து நிறுத்துவார்கள். நீராவி வாய்களுக்கு நடுவே ஜன்னல் கம்பி மாதிரிக் குறுக்குச் சட்டங்கள் உண்டு. சட்டங்கள் நேராக இருந்தால், சுழலாத வளையத்தின் ஒரே இடத்தில் உரசி உரசிப் பள்ளம் விழும். எனவே சட்டங்களைச் சாய்வாக அமைத்தார்கள்! வளையம் கடந்து போகும்போது சாய்ந்த சட்டம் அதன் மேல் வெவ்வேறு இடங்களில் படும். தேய்மானம் பரவலாகிவிடும். சட்டத்தைச் சாய்த்ததற்குக் கூடுதல் செலவு ஒன்றும் பெரிதாக இல்லை. யோசித்தது மட்டும்தான் செலவு.

வளையத்தின் அகலத்திலும் ஒரு பாடம் கிடைத்தது. தொடக்கத்தில் ஒரே அகலமான வளையம் போட்டார்கள். இங்கிலாந்தின் லண்டன் மிட்லண்ட் ஸ்காட்டிஷ் ரயில்வேயில், பட்டறையிலிருந்து புதிதாக வரும் எஞ்சின் நன்றாக ஓடியது, ஆனால் மைல் ஏற ஏறக் கரிச்செலவும் ஏறிக்கொண்டே போனது. சோதித்ததில் அகல வளையத்தின் வழியே நீராவி ஒழுகுவது தெரிந்தது. வளையத்துக்குப் பின்னால் புகும் நீராவி அதை வெளிப்பக்கம் தள்ளும். அகலம் அதிகமானால் தள்ளும் விசையும் அதிகம், தேய்மானமும் அதிகம். அதற்குப் பதிலாகக் குறுகிய வளையங்கள் பலவற்றை வரிசையாகப் போட்டதும் நிலைமை நன்றாக மாறியது. ஒன்று விட்டாலும் அடுத்தது பிடித்துக்கொள்ளும் அல்லவா?

உரசலே வேண்டாம் என்று சொன்னவர்களும் உண்டு. இத்தாலியின் கப்ரோட்டி, ஆஸ்திரியாவின் லென்ட்ஸ் ஆகியோர் மேலே தூக்கித் திறக்கும் வால்வுகளை ரயில் எஞ்சினுக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு வகையில் வாட் காலத்து யோசனைக்கே திரும்பிப் போனார்கள் என்று சொல்லலாம். வேலை நன்றாகத்தான் செய்தது. ஆனால் பாகங்கள் அதிகம், விலை அதிகம், பழுது பார்க்க நுணுக்கமான கருவிகள் வேண்டும். சுதந்திர இந்தியாவின் எஞ்சின்களான டபிள்யூ.பி., டபிள்யூ.ஜி., ஒய்.பி., ஒய்.ஜி. எல்லாவற்றிலும் பிஸ்டன் வால்வும், பெல்ஜியத்தின் வால்ஷார்ட்ஸ் 1844-ல் காப்புரிமை பெற்ற இயக்கமுறையும்தான் இருந்தன. வால்ஷார்ட்ஸ் முறையில் எல்லாக் கம்பிகளும் சக்கரத்துக்கு வெளியே கண்ணுக்குத் தெரியும். கையால் தொட்டுப் பார்க்கலாம், எண்ணெய் விடலாம். நம் ஊர் ஷெட்டுக்கு அதுதான் ஒத்துவந்தது.

காதால் கண்ட கோளாறு

வடிவமைப்பு மட்டும் போதாது, ஓட்டுகிறவர்களின் கவனமும் வேண்டும். இறக்கத்தில் நீராவியை முழுவதும் மூடிவிட்டு வண்டியை ஓடவிட்டால், பிஸ்டன்கள் புகைப்பெட்டியிலிருந்து சாம்பலையும் சூட்டுப் புகையையும் உள்ளே இழுக்கும். சாம்பல் வால்வுக்குள் உப்புத்தாள் மாதிரி வேலை செய்யும். வெளிக்காற்றை உள்ளே விடும் சிறு வால்வுகள் இதற்காகவே வந்தன. நீராவியைக் கொஞ்சம் திறந்தே வைப்பது டிரைவர்களின் வழக்கம்.

கோளாறு வந்துவிட்டதா என்பதைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம். இரண்டு சிலிண்டர் எஞ்சினில் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் புகைபோக்கியில் நான்கு சத்தம் வரும். நான்கும் ஒரே இடைவெளியில், ஒரே கனத்தில் வர வேண்டும். தாளம் தப்பினால் வால்வு சரியில்லை என்று அர்த்தம். சிறுபிள்ளைகள் வாயால் செய்து விளையாடிய அந்த 'சுக் சுக்' சத்தம், அனுபவசாலி டிரைவருக்கு எஞ்சினின் நாடித்துடிப்பு.

பொன்மலை இன்றும் செய்வது

தென்னிந்திய ரயில்வே தன் பட்டறையை நாகப்பட்டினத்திலிருந்து திருச்சி பொன்மலைக்கு 1920-களின் பிற்பகுதியில் மாற்றியது. 1990-களின் முடிவுக்குள் இந்தியாவில் அன்றாட நீராவி ரயில் சேவை கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. கார்டு லைனும் அகலப்பாதை ஆகிவிட்டது. ஆனாலும் பொன்மலையில் நீராவி எஞ்சின் வேலை மறக்கப்படவில்லை. நீலகிரி மலை ரயிலுக்கு அங்கே 2011 முதல் எண்ணெயில் எரியும் புதிய நீராவி எஞ்சின்களும், 2021-ல் நிலக்கரியில் எரியும் எஞ்சினும் செய்யப்பட்டன.

நீலகிரி எஞ்சினிலும் தேய்மானம் சமமாக இருக்க வழியில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு வரை ஒரு ஜோடி சிலிண்டர்கள் மட்டுமே வேலை செய்யும். கல்லாறில் பல்சக்கரப் பாதை தொடங்கிய பிறகுதான் இரண்டாவது ஜோடி சேர்ந்துகொள்ளும். ஒரே எஞ்சினில் இரண்டு விதமான உழைப்பு. இதையெல்லாம் கணக்கில் வைத்துப் பராமரிக்கத் தெரிந்த கைகள் இன்னும் இருப்பதால்தான் அந்த ரயில் ஓடுகிறது.

இருநூறு ஆண்டுகளாக யாராலும் தேய்மானத்தை ஒழிக்க முடியவில்லை. அவர்கள் செய்ததெல்லாம் அதை ஒரே இடத்தில் விழவிடாமல் பரப்பியதும், விலை குறைந்த பாகத்தின் மேல் விழவைத்ததும்தான். இன்று நம் பைக்கில் இருக்கும் பிஸ்டன் வளையமும் பிரேக் கட்டையும்கூட இதே யோசனையில்தான் செய்யப்படுகின்றன.

திருச்சி ரயில் அருங்காட்சியகத்துக்கோ சென்னை பெரம்பூரில் உள்ளதற்கோ போனால், சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் பெரிய சிலிண்டரை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். அதன் தலைக்கு மேலே சின்னதாக இன்னொரு உருளை இருக்கிறதா என்று பாருங்கள். பிஸ்டன் வால்வு அதற்குள்தான் இருக்கிறது.