காய்ச்சல் இறங்கும் வேளை

காய்ச்சல் விட்டதென்றால் பிள்ளை பிழைத்தது என்போம். 1958-இல் பாங்காக் நகரில் இது பொய்த்தது. நான்கைந்து நாள் காய்ச்சலுக்குப் பின் உடற்சூடு இறங்கிப் பெற்றோர் ஆறுதலடைந்த அதே வேளையில் பல குழந்தைகளின் கைகால்கள் சில்லிட்டன, நாடி தளர்ந்தது, சில மணி நேரத்தில் உயிரும் பிரிந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் மணிலாவிலும் இதே கொடுமை நிகழ்ந்திருந்தது. வில்லியம் ஹாமன் என்ற அமெரிக்க அறிஞர் 1956-இல் மணிலாக் குழந்தைகளிடமிருந்து வைரஸைப் பிரித்தெடுத்தார். அது டெங்கு! எலும்பு முறிவதுபோல் வலித்தாலும் உயிருக்கு அஞ்ச வேண்டாதது என்று கருதப்பட்ட பழைய நோய்.

காய்ச்சலுடன் வரும் குழந்தைகளில் யாருக்கு இந்த அதிர்ச்சி நிலை நேரும்? பாங்காக் குழந்தைகள் மருத்துவமனையில் டாக்டர் சுசித்ரா நிம்மான்னித்யா இதை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். இந்நோயில் நுண்குழாய்களின் சுவர் நெகிழ்ந்து, குருதியின் நீர்ப்பகுதி மார்புக் குழியிலும் வயிற்றுக் குழியிலும் கசிகிறது. செல்கள் குழாயிலேயே தங்குவதால் குருதி கெட்டியாகிறது. இயற்பியல் கற்பிக்கும் எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். மெல்லிய கண்ணாடிக் குழாயில் சில துளி குருதியை எடுத்து மையவிலக்குப் பொறியில் சுழற்றினால், கனமான செல்கள் அடியில் திரளும். அவற்றின் உயரத்தை அளந்துவிடலாம். நேற்று நூற்றுக்கு 35 பங்காக இருந்த செல்கள் இன்று 42 ஆனால் அது 20 சதவீத ஏற்றம். கூடவே தட்டணுக்கள் ஒரு கன மில்லிமீட்டருக்கு ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்கினால் எச்சரிக்கை தெளிவு. 1975-இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த நெறிகளில் இவ்விரண்டும் இடம்பெற்றன. நரம்புவழி நீரேற்றுவதே சிகிச்சை. அதையும் அளந்துதான் ஏற்ற வேண்டும். கசிவு ஒன்றிரண்டு நாளில் நிற்கும். கசிந்த நீர் குருதிக்குத் திரும்பும்போது, ஏற்றியது மிகையாக இருந்தால் நுரையீரல் நீர் கோத்துவிடும்.

ஆனால் நுண்குழாய் ஏன் கசிகிறது? 1960-களின் தொடக்கத்தில் பாங்காக்கில் பணியாற்றிய ஸ்காட் ஹால்ஸ்டெட் ஒரு விந்தையைக் கண்டார். கடும் நோய்க்கு ஆளானவர்களில் பெரும்பாலோர் இரண்டாம் முறை டெங்கு கண்டவர்கள். முதல் முறையிலேயே வீழ்ந்த கைக்குழந்தைகளும் இருந்தனர்; அவர்கள் உடலிலோ தாய் தந்த எதிர்ப்பொருள் இருந்தது! டெங்கு வைரஸில் நான்கு வகை உண்டு. ஒரு வகைக்கு உண்டான எதிர்ப்பொருள் வேறு வகையைப் பற்றிக்கொள்ளும், ஆனால் முடக்காது. பற்றியதை வெள்ளணு விழுங்க, வைரஸ் அதனுள்ளேயே பெருகும். கிளர்ந்தெழுந்த காவற்செல்கள் பொழியும் வேதிப்பொருள்கள் குழாய்ச் சுவரை நெகிழ்த்துகின்றன. காவலாளியே கள்வனுக்குக் கதவு திறந்த கதை.

கியூபாவில் 1977-இல் முதல் வகை பரவியது. 1981-இல் இரண்டாம் வகை வந்தபோது 158 பேர் இறந்தனர், அவர்களில் 101 பேர் குழந்தைகள். எனினும் இரண்டாம் முறை டெங்கு கண்டவர்களில் பெரும்பாலோர் நலமாகவே மீள்கிறார்கள். ஆகவே படுக்கையருகே அந்தக் கண்ணாடிக் குழாய்க்கு இன்றும் வேலை இருக்கிறது.

2016-இல் பிலிப்பைன்ஸ் நாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கு டெங்குத் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள்; எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் போட்டுக்கொண்டனர். முன்பு டெங்கு காணாத பிள்ளைகளுக்கு அந்த ஊசியே முதல் தொற்றுப்போல் அமைந்து, பின்னர் கடும் நோய் வரும் வாய்ப்பைக் கூட்டக்கூடும் என்று 2017 நவம்பரில் அதைத் தயாரித்த நிறுவனமே அறிவித்தது. திட்டம் நிறுத்தப்பட்டது. குருதியைச் சோதித்து, முன்பு டெங்கு கண்டவர்களுக்கு மட்டுமே இந்த ஊசியைப் போடுவது நல்லது என்று 2018-இல் உலக சுகாதார நிறுவனம் கூறியது.