முடவாட்டுக்கால்: சூப்புக்குப் பின்னால ஒரு வரலாறு

கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தவங்கள்ல பாதிப் பேராவது முடவாட்டுக்கால் சூப்பு குடிச்சிருப்பீங்க. சோளக்காட்டுச் சந்தையில கூறு கட்டி வெச்சிருப்பாங்க. பழுப்பு முடி மூடின, ஆட்டுக்கால் மாதிரி இருக்கிற கிழங்கு. தோலைச் சீவி, இடிச்சு, மிளகு, சீரகம், பூண்டு போட்டுக் கொதிக்க வெச்சா சைவக்காரங்களும் ஆசையா வாங்கிக் குடிக்கிறாங்க. மூட்டுவலிக்கு நல்லதுன்னு மலை சனங்க ரொம்பக் காலமா சொல்லி வர்றாங்க. இந்த மலையோட அடிவாரத்துல ரெண்டு ஏக்கர் வெச்சுப் பாடுபடுறவன் நான். எங்க அப்பாரு காலத்துல இதை யாரும் காசுக்கு விக்கலைங்க. தேவைப்பட்டவங்க பாறையில பறிச்சுக்குவாங்க, அவ்வளவுதான்.

பேருதான் கிழங்கு. உண்மையில இது மண்ணுக்கு வெளியே, மரத்துமேலயும் பாறைமேலயும் ஊர்ந்து போற தண்டு. செடி பெரணி இனம். பெரணின்னா பூக்காது, காய்க்காது, விதை கிடையாது. இலையோட அடியில தூள் மாதிரி வித்து இருக்கும், அது காத்துல பறந்து போய் ஈரமான இடத்துல முளைக்கும்.

பெரணி ஏதோ மலைக்காட்டுச் சமாசாரம்னு நினைச்சுராதீங்க. பழைய கிணத்துச் சுவர்ல கருப்புக் காம்போட தொங்குற செடி பெரணி. வயல் வாய்க்கால்ல நாலு இலையா விரியுற ஆரைக்கீரை பெரணி. மாட்டுக்குத் தொட்டியில வளர்க்கிற அசோலாவும் பெரணிதான். பூக்கிற செடி கொடி எல்லாம் பூமிக்கு வர்றதுக்குப் பல கோடி வருசம் முன்னாடியே வந்த வம்சம் இது.

முடவாட்டுக்காலுக்கு ரெண்டு வகை இலை உண்டு. பெரிய பச்சை இலை சாப்பாடு தயாரிக்கும். அடியில இருக்கிற சின்ன இலை காஞ்சு பழுப்பாகிடும், ஆனா உதிராது. மரத்தோட ஒட்டிக் கிண்ணம் மாதிரி நிக்கும். மேல இருந்து விழுற சருகு, தூசி எல்லாம் அதுல சேர்ந்து மக்கும். மண்ணே இல்லாத இடத்துல தனக்கான எருக்குழியைத் தானே கட்டிக்குது. இருபது முப்பது வருசமா எரு போடுற எனக்கே அதைப் பாத்தா பொறாமையா இருக்கும்.

இந்தச் செடி புத்தகத்துல ஏறினது இன்னிக்கு நேத்து இல்ல. கொச்சியில டச்சுக்காரங்களோட ஆளுநரா இருந்த வான் ரீட், மலபார்ச் செடிகளைப் பத்தி 12 பாகமா ஒரு புத்தகம் போட்டார். ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்’னு பேரு. 1678ல இருந்து 1693 வரைக்கும் ஆம்ஸ்டர்டாம்ல அச்சானது. சேர்த்தலை வைத்தியர் இட்டி அச்சுதன் சொன்ன விவரங்கள் அதுல நிறைய. அதோட கடைசிப் பாகத்துல நம்ம செடி படத்தோட இருக்கு. அங்க அதுக்குப் பேரு ‘பன்ன கெழங்கு’ன்னு தொடங்குது. பன்னம்னா பெரணி. அங்கயும் கிழங்குன்னுதான் கூப்பிட்டிருக்காங்க. அப்புறம் 1753ல லின்னேயஸ், ஓக் மரத்து இலை மாதிரி இருக்குன்னு லத்தீன்ல பேர் வெச்சார்.

அடுத்த நூத்தாண்டுல இங்கிலாந்துல ஒரு கூத்து நடந்துச்சு. லண்டன் டாக்டர் நதானியேல் வார்டு, மூடின கண்ணாடிக்குள்ள பெரணி வாடாம வளரும்னு கண்டுபிடிச்சார். நிலக்கரிப் புகை மண்டின ஊர்ல, வீட்டுக்குள்ள பச்சையா ஒரு செடி! சனங்களுக்குப் பைத்தியமே பிடிச்சுது. அந்தப் பைத்தியத்துக்கு 1855ல சார்லஸ் கிங்ஸ்லி ‘டெரிடோமேனியா’ன்னு பேரே வெச்சார். டவுன்காரங்க ஓய்வு நாள்ல கிராமத்துக்குப் போய்ப் பிடுங்கினாங்க. போக முடியாதவங்களுக்கு வியாபாரிங்க மூட்டை மூட்டையா கொண்டுவந்து வித்தாங்க. கில்லார்னி பெரணின்னு ஒரு ஜாதி, பல இடத்துல அடியோட அழிஞ்சுபோச்சு. இன்னிக்கு அதைப் பறிச்சா அங்க சட்டப்படி குத்தம்.

அந்த மோகம் உச்சத்துல இருந்தப்பத்தான், 1863ல, சென்னை மாகாண வனத்துறைத் தலைவர் பெட்டோம், தென்னிந்தியப் பெரணிகளைப் பத்திப் படத்தோட ஒரு பெரிய புத்தகத்தை வெளியிட ஆரம்பிச்சார். பட்டாளத்துல இருந்து வனத்துறைக்கு வந்த மனுசன். 1860ல இருந்து 1882 வரைக்கும் துறை அவர் கையில இருந்துச்சு. அதே 1882லதான் மெட்ராஸ் வனச் சட்டமும் வந்துச்சு. அந்தச் சட்டம் காட்டை எல்லை போட்டு ‘ரிசர்வ்’ ஆக்கினப்போ, அதுல முக்கியமாக் கணக்குப் பாத்தது மரத்தைத்தான். மரத்துமேல ஒட்டியிருக்கிற பெரணியை யார் கணக்குப் பாக்கறது?

இதை ஏன் இவ்வளவு விலாவாரியாச் சொல்றேன்னா, இங்கிலாந்துல பெரணியை அழிச்சவங்க யாரும் அதை வெறுத்தவங்க இல்லைங்க. ஆசைப்பட்டவங்க. அதே ஆசைதான் இப்ப சனி, ஞாயிறுல கார்ல மலையேறுது. சூப்புக்கு மட்டும் இல்ல, பார்சல்லயும் வெளியூருக்குப் போகுது. முடவாட்டுக்கால் வளர்றது தண்டோட நுனியிலதான். நுனியோட சேர்த்துப் பேர்த்து எடுத்துட்டா அந்தச் செடி அங்க முடிஞ்சுது. வித்து பறந்து வந்து, ஈரமும் பாசியும் இருக்கிற இடமாப் பாத்து முளைச்சு, மறுபடி ஆட்டுக்கால் தடிமனுக்கு வர வருசக்கணக்காகும்.

விக்கிற மலை சனங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன். மலையாளிப் பழங்குடி மக்களுக்குச் சிறு வனப் பொருள் எடுக்கிற உரிமையை 2006ஆம் வருசத்து வன உரிமைச் சட்டமே ஒத்துக்குது. அவங்க பிழைப்பு அது. வேண்டியது வேற வழி. மலைத் தோட்டத்துல மிளகு ஏத்தின சில்வர் ஓக் இருக்கு, பலா இருக்கு. ஒரு சாண் துண்டை நுனியோட தென்னங்கயிறு போட்டு மரத்துல கட்டினா வேர் பிடிச்சுக்கும். எங்க கிணத்து மேட்டு மாமரத்துல கட்டினது ரெண்டாவது மழைக்குப் புது இலை விட்டுச்சு. மிளகு மாதிரி இதுவும் ஒரு ஊடுபயிராகட்டுமே.

அடுத்த தடவை வர்றப்ப சூப்பு குடிங்க, வேண்டாங்கல. கடைக்கார அம்மாகிட்ட “இது காட்டுல எடுத்ததா, தோட்டத்துல வளர்த்ததா?”ன்னு மட்டும் கேளுங்க. வாங்குறவங்க நாலு பேர் கேட்டாப் போதும், அஞ்சாவது ஆள் வர்றதுக்குள்ள யாராவது ஒருத்தர் தோட்டத்துல கட்ட ஆரம்பிச்சிருவாங்க. சந்தைன்னா அப்படித்தாங்க.