பாதி இருப்பு



சென்ற மாதம் பிரான்சிலிருந்து என் தங்கையும் மாப்பிள்ளையும் புதுவைக்கு வந்திருந்தார்கள். ஊருக்குத் திரும்பும் முன்தினம் தங்கை தன் பையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் காட்டினாள். முதல் நான்கு பக்கங்கள் என் கையெழுத்து. மீதியெல்லாம் மாப்பிள்ளையின் கையெழுத்து. பக்கத்துக்குப் பக்கம் ஆரம்ப இருப்பு, வரவு, செலவு, இறுதி இருப்பு. பணக் கணக்கு அல்ல, பேட்டரிக் கணக்கு. அது எப்படித் தொடங்கியது என்பதைச் சொல்ல வேண்டுமானால் என் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும்.

மாப்பிள்ளை பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். நம் ஊர் பாஷையில் சொல்தா. போர்தோ நகரில் வீடு. அவரிடம் பழைய கேரவன் ஒன்று உண்டு. நம் சினிமா நடிகர்கள் ஓய்வெடுக்கும் பெரிய வண்டி அல்ல. காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் சின்ன வீடு. இரண்டு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு குளிர்ப்பெட்டி, ஒரு குழாய். 2016 ஜூன் மாதம் நான் அங்கே போயிருந்தபோது, "மச்சான், பிரெனே மலைப் பக்கம் ஒரு வாரம் போய் வரலாம்" என்று அழைத்தார். புறப்பட்டோம்.

தாக்ஸ் ஊரைத் தாண்டி, போ நகருக்குப் போகும் வழியில் ஓர்த்தேஸ் என்ற சிற்றூர் வந்தது. ஆற்றின் மேல் கோபுரத்தோடு கூடிய பழங்காலக் கல்பாலம் ஒன்று இருக்கிறது. அங்கே நிறுத்திச் சாப்பிட்டோம். ஊர்ப் பெயரைப் பார்த்ததும் எனக்குப் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்தது. நான் படித்தது பிரெஞ்சு மொழி வழியில். பௌதிகப் பாடத்தில் 'அக்யுமுலாத்தேர்' என்று ஒரு பாடம் உண்டு. அதைக் கண்டுபிடித்த கஸ்தோன் பிலாந்தே 1834-இல் பிறந்தது இந்த ஓர்த்தேஸில்தான். "மாப்பிள்ளை, உங்கள் வண்டியில் இருக்கும் பேட்டரியின் தகப்பன் ஊர் இது" என்றேன். அவர் சிரித்தார். அடுத்த இரவே அந்தப் பேட்டரி எங்களைச் சோதிக்கும் என்று இருவருக்கும் தெரியாது.

லாருன்ஸ் ஊருக்கு மேலே, ஓசோ பள்ளத்தாக்கில் ஒரு பண்ணைக்காரரிடம் அனுமதி கேட்டு அவர் புல்வெளியில் வண்டியை நிறுத்தினோம். ஓடைத் தண்ணீர் உண்டு, மின்சாரம் கிடையாது. கேரவனில் 100 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று, கூரையில் 100 வாட் சூரியத் தகடு ஒன்று. எங்கள் சொத்து அவ்வளவுதான்.

மாப்பிள்ளைக்குத் தூக்கத்தில் மூச்சு அடைபடும் வியாதி. இரவு முழுவதும் முகத்தில் மூடி போட்டுக்கொண்டு, காற்றை அழுத்தி அனுப்பும் சிறு இயந்திரத்தோடுதான் படுப்பார். அது 12 வோல்ட் பேட்டரியிலும் ஓடும். முதல் இரவு நன்றாகவே ஓடியது.

இரண்டாம் நாள் முழுதும் மேகமூட்டம். சாயங்காலம் சமையல் முடித்தபோது காஸ் சிலிண்டர் குறைந்துவிட்டது என்று தங்கை சொன்னாள். அந்தக் குளிர்ப்பெட்டி காஸிலும் ஓடும், வீட்டு மின்சாரத்திலும் ஓடும், 12 வோல்ட்டிலும் ஓடும். காஸை மிச்சப்படுத்துவோமே என்று யாரையும் கேட்காமல் திருகைப் பேட்டரிப் பக்கம் திருப்பிவிட்டேன். அந்தப் பக்கம் கார் ஓடும்போது மட்டும் பயன்படுத்த வேண்டியது என்பது எனக்குத் தெரியாது. அப்படி ஓடினால் அது சுமார் 10 ஆம்பியர் இழுக்கும். இரவு எட்டு மணிக்குத் திருப்பினேன். இரண்டு மணிக்கு மூச்சு இயந்திரம் நின்றது.

மாப்பிள்ளை திணறிக்கொண்டு எழுந்த சத்தத்தில்தான் நான் விழித்தேன். இருட்டு. விளக்குப் பொத்தானை அழுத்தினால் மினுக்கென்று ஒரு சிவப்பு, அவ்வளவுதான். டார்ச் ஒளியில் அவர் முகத்தைப் பார்த்தபோது என் கை நடுங்கியது. "ஒன்றுமில்லை மச்சான், உட்கார்ந்திருந்தால் சரியாகிவிடும்" என்றார். விடியும் வரை அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். கண் அசந்தால் தட்டி எழுப்ப நான் எதிரே உட்கார்ந்தேன். தங்கை என்னைப் பார்த்து, "ஏன் அண்ணே, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

காலையில் வோல்ட் மீட்டரை வைத்துப் பார்த்தார் மாப்பிள்ளை. நிறைந்த பேட்டரி 12.7 காட்டும். பாதி என்றால் 12.2. எங்களுடையது 11-க்கும் கீழே. வண்டியை இறக்கி, மின்சாரம் உள்ள முகாமில் ஒரு நாள் முழுதும் ஏற்றினோம். ஏறியது. ஆனால் பழைய தெம்பு திரும்பவில்லை. அடுத்த வருடமே அதை மாற்ற வேண்டியதாயிற்று. ஒரே ஒரு இரவு காலியானதற்கு இவ்வளவு தண்டனையா என்று எனக்குக் கேள்வி. ஊர் திரும்பியதும் நூலகத்தில் உட்கார்ந்து தேடினேன்.

பிலாந்தே பாரிஸில் தொழில்கலைக் கல்லூரியில் பௌதிக உதவியாளராக இருந்தவர். எலும்பு தேடும் பழக்கமும் இருந்தது. 1855-இல் பாரிஸ் அருகே அவர் கண்டெடுத்த பிரமாண்டமான ஆதிகாலப் பறவைக்கு அவர் பெயராலேயே கஸ்தோர்னிஸ் என்று பெயரிட்டார்கள். 1859-இல் இரண்டு ஈயத் தகடுகளை இடையில் துணி வைத்துப் பாய் போலச் சுருட்டி, நீர்த்த கந்தக அமிலத்தில் மூழ்க வைத்தார். மின்சாரத்தை உள்ளே செலுத்தினால் வாங்கி வைத்துக்கொண்டது, கேட்டால் திருப்பித் தந்தது. அதற்கு முன் 1800-இல் வோல்ட்டா செய்த அடுக்கு முதல் வந்த மின்கலங்கள் செலவழிந்தால் செலவழிந்ததுதான். பிலாந்தேயின் கலத்தை மறுபடி நிரப்பலாம். 1860-இல் ஒன்பது கலங்களைச் சேர்த்து விஞ்ஞானக் கழகத்தின் முன் வைத்தார்.

ஒரு விசித்திரம். அந்தக் கல்லூரியில் அவருக்கு மேலே இருந்த பேராசிரியர் எத்மோன் பெக்கெரேல். வெளிச்சம் பட்டால் மின்சாரம் பிறக்கிறது என்பதை 1839-இல், பத்தொன்பது வயதில் கண்டவர் அவர். எங்கள் கேரவனின் கூரை மேல் இருந்தது ஆசிரியரின் விஷயம், கட்டிலுக்கு அடியில் இருந்தது மாணவரின் விஷயம்.  உருப்படியான சூரியக் கலம் அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் வந்தது 1954-இல்தான்.

பிலாந்தேயின் தகட்டை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கிப் பக்குவப்படுத்த மாதக்கணக்கில் ஆகும். 1881-இல் கமிய் ஃபோர் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் ஈய ஆக்சைடைக் களிம்பாக்கித் தகட்டில் பூசினார். வேலை சுருங்கியது, கொள்ளளவு கூடியது. ஆனால் பூச்சு என்றால் உதிரவும் செய்யும். பேட்டரி காலியாகும்போது இரண்டு தகட்டிலும் ஈய சல்பேட் படிகிறது. உடனே திரும்ப ஏற்றினால் கரைந்துவிடும். காலியாகவே கிடந்தால் இறுகிக் கல்லாகிவிடும். அடிமட்டம் வரை இறக்கி இறக்கி ஏற்றினால் பூச்சும் தளர்ந்து விழும். பாதிக்குக் கீழே இறக்காதே என்று கேரவன்காரர்கள் சொல்வதன் காரணம் இதுதான்.

இன்னொன்றும் தெரிந்தது. வேகமாக எடுத்தால் மொத்தமாகக் கிடைப்பது குறையும். இதை 1897-இல் ஜெர்மானியர் பாய்க்கெர்ட் கணக்காக எழுதிவைத்தார். 100 ஆம்பியர்-மணி என்பது இருபது மணி நேரம் நிதானமாக எடுத்தால் கிடைப்பது. குளிர்ப்பெட்டி போல இழுத்தால் அவ்வளவு வராது. கார் பேட்டரியைக் கேரவனுக்கு வைக்கக் கூடாது என்பதும் இதே வகை. 1912-இல் கெட்டெரிங் செய்த மின் ஸ்டார்ட்டர் கெடிலாக் காரில் வந்தபின் கார் பேட்டரியின் வேலை சில நொடி முழு பலத்தையும் கொடுப்பது என்று ஆகிவிட்டது. அதன் தகடுகள் மெல்லியவை. இரவு முழுக்கச் சொட்டுச் சொட்டாகக் கொடுக்கும் வேலைக்கு அது ஆகாது.

படித்துக்கொண்டே இருந்தபோது பாகூரில் என் தாத்தா நினைவுக்கு வந்தார். அவர் வீட்டு வால்வு ரேடியோ பேட்டரியில்தான் ஓடும். சார்ஜ் போட டவுனுக்கு வண்டியில் ஏற்றி அனுப்ப வேண்டும். செய்திக்கு மட்டும் திருப்புவார், முடிந்ததும் அணைத்துவிடுவார். பாட்டு கேட்க நாங்கள் கெஞ்சினால், "இது ஊற்றுக் கிணறு இல்லைடா, குடத்துத் தண்ணி" என்பார். நான் பிரெஞ்சில் படித்த பாடத்தை அவர் படிக்காமலே தெரிந்து வைத்திருந்தார்.

முகாமில் இருந்த அன்றே ஒரு நோட்டு வாங்கிக் கோடு போட்டேன். முப்பத்தைந்து வருடம் லெட்ஜர் எழுதிய கை. ஆரம்ப இருப்பு 100. தொடக்கூடாத இருப்பு 50. மூச்சு இயந்திரம், ஈரப்பதச் சூடு இல்லாமல், எட்டு மணி நேரத்துக்கு 24. விளக்கு 2, தண்ணீர்ப் பம்பு 2, கைப்பேசிகள் 4. ஆக 32. நல்ல வெயிலில் கூரை வரவு 30 அளவு, மேகமூட்டம் என்றால் பத்துகூடத் தேறாது. எனவே இரண்டு நாள் மேகம் என்றால் மூன்றாம் நாள் இடம் மாற வேண்டும். குளிர்ப்பெட்டி காஸில் மட்டும். மற்றச் செலவெல்லாம் இயந்திரத்துக்கு ஒதுக்கியது போக மிஞ்சினால்தான்.

மாப்பிள்ளை இப்போது லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கு மாறிவிட்டார். கூடினஃப் குழுவினர் 1997-இல் வெளியிட்ட வேலையிலிருந்து வந்தது அது. எடை பாதி, எண்பது சதவீதம் வரை எடுக்கலாம். உறைகுளிரில் சார்ஜ் ஏற்றக் கூடாது என்பதுதான் நிபந்தனை. நோட்டு இனி எதற்கு என்று கேட்டேன்.

கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். புதிய பேட்டரிக்கும் கணக்கு எழுதியிருந்தார். எண்பது எடுக்கலாம் என்ற இடத்திலும் தொடக்கூடாத இருப்பு என்று 50-ஐத்தான் எழுதியிருந்தார்.

"ராத்திரி எழுந்து நீங்கள் என் எதிரே உட்கார்ந்திருந்தீர்களே மச்சான், அது மறக்கவில்லை" என்றார். அந்த இரவில் அவர் நினைவில் வைத்துக்கொண்டது அதை. நான் மறக்காதது அந்தத் திருகை.